சின்னத்திரையும் வட எல்லை முகங்களும்

1975ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. தில்லியில் 1959 செப்டம்பர் 15இல் சோதனை முறையில் பிறந்த தொலைக்காட்சி தமிழ் மண்ணுக்கு வந்து சேர ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் பிடித்தன. மதுரையும் நெல்லையும் அதன் முகத்தைக் காண மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவள்ளூருக்கும், வடக்கே ஏறத்தாழ அதே தொலைவில் உள்ள கும்மிடிப்பூண்டிக்கும் அந்தக் காத்திருப்பு இல்லை. உயரமான கம்பம் நட்டு அலைவாங்கி கட்டியவர்களுக்குப் படம் கிட்டியது. ஆக, தமிழ்நாட்டின் மிகப் பழைய தொலைக்காட்சி நேயர்களுள் இவ்வட்டாரத்தாரும் அடங்குவர். ஐம்பது ஆண்டுகளாக இவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்து வருகின்றனர். அந்தப் பெட்டி இவர்களை எந்த அளவுக்குப் பார்த்தது என்பது தனியே ஆராயத்தக்க வரலாறு.

ஆராயப் புகுமுன் இங்கு வாழ்வோர் யாவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997 சனவரி முதல் நாள் தனித்து அமைந்தது. அதன் திருத்தணிப் பகுதி, 1960 ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்துடன் எல்லை மாற்றிக்கொள்ளப்பட்டபோது தமிழகத்துக்கு வந்தது. எல்லை மாறினாலும் நாக்கு மாறவில்லை. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டுப் பக்கங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். கிழக்கே பழவேற்காட்டு ஏரி. 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய துறை அது. அங்கே மரக்காயர் குடும்பங்களும், 'பாடு' என்னும் முறைப்படி ஏரியைப் பங்கிட்டு வலைவீசும் பட்டினவர் ஊர்களும் உள்ளன. அதே ஏரியின் சேற்றில் இடுப்பளவு நீரில் தவழ்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிப்போர் இருளர். வயல்களில் எலி பிடிப்போரும், ஏரிக்கரைகளில் குடிசை கட்டி வாழ்வோரும் அவர்களே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தின் பழங்குடியினர் ஏறத்தாழ 47 ஆயிரம் பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இருளர். இவர்களோடு கும்மிடிப்பூண்டி முகாமில் இலங்கைத் தமிழர். சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் பிற ஆலைகளிலும் பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் மாநிலத் தொழிலாளர். இத்தனை வகை முகங்கள் ஒரே வட்டாரத்தில் கூடியிருப்பது தமிழகத்தில் அரிது.

தொலைக்காட்சியில் இனப்பன்மை இல்லை என்னும் குறை மேலைநாட்டில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்போல் ஆடிப்பாடும் நிகழ்ச்சியொன்றை பி.பி.சி. நிறுவனம் 1958 முதல் 1978 வரை இருபதாண்டுகள் ஒளிபரப்பியது. அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்திற்கென அறிவிக்கப்பட்ட 26 புதிய தொடர்களுள் ஒன்றிலேனும் கறுப்பரோ பிற சிறுபான்மையினரோ தலைமைப் பாத்திரத்தில் இல்லை என்று கண்டு, கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் தலைவர் குவைசி இம்ஃபூமே போராட்ட எச்சரிக்கை விடுத்தார். தமிழ்நாட்டில் இத்தகைய கணக்கை எவரும் எடுக்கவில்லை. இங்கே வெள்ளையரும் இல்லை, கறுப்பரும் இல்லை. எனவே இச்சிக்கலும் இல்லை என்று கருதிவிட்டனர். ஆனால் 'இனம்' என்னும் ஒரு சொல் அங்கே செய்யும் வேலையை இங்கே நிறம், சாதி, பேச்சுவழக்கு, பிறந்த ஊர் ஆகிய நான்கும் பங்கிட்டுக்கொண்டு செய்கின்றன. நான்கினுள்ளும் முதலில் கண்ணில் படுவது நிறம்.

நிறம் பற்றித் தமிழிலக்கியம் சொல்வது இன்றைய விளம்பரம் சொல்வதற்கு நேர் எதிரானது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு 'மாமை'. மாந்தளிரின் நிறத்தைச் சுட்டும் சொல் அது. தலைவன் பிரிந்தபோது அந்த மாமை கெட்டு மேனியில் வெளிறிய நிறம் படரும். அதற்குப் பசலை என்று பெயர். அதை நோயென்றே புலவர்கள் பாடினர். வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். மேனி வெளுப்பது துன்பத்தின் அடையாளமாக இருந்த மொழியில், மேனி வெளுப்பதே வாழ்வின் நோக்கம் என்று நாளொன்றுக்குப் பலமுறை கூவும் காலம் எவ்வாறு வந்தது?

ஒரே நாளில் வரவில்லை. பல நூற்றாண்டுச் சாதியமைப்பும் அயலார் ஆட்சியும் அடித்தளம் இட்டன. அதன்மேல் சுவர் எழுப்பியது திரைத்தொழில். ஜெமினி ஸ்டூடியோவின் ஒப்பனைப் பிரிவு 'பான்கேக்' என்னும் அயல்நாட்டுப் பூச்சை வண்டி வண்டியாக வாங்கிக் குவித்ததை, அங்குப் பணியாற்றிய அசோகமித்திரன் தமக்கேயுரிய அடங்கிய நகைச்சுவையுடன் எழுதியிருக்கிறார். கருவியும் நடுநிலையாக இருக்கவில்லை. கோடாக் நிறுவனத்தின் வண்ணப் படச்சுருள்களைச் சரிபார்க்கும் அளவுப் படமாக நெடுங்காலம் பயன்பட்டது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் மேனி சரியாக விழுந்தால் படம் சரி. கருநிறத்தார் முகம் நிழல்போல் விழுந்தால் அது அவர்கள் குற்றம்! பழுப்பு நிற நுணுக்கங்கள் சரியாகப் பதியவில்லை என்று சாக்லேட்டு, மரச்சாமான் தயாரிப்பாளர்கள் முறையிட்ட பிறகே நிறுவனம் இக்குறையை நீக்க முற்பட்டதாக அதன் வரலாற்றை ஆய்ந்தோர் குறிப்பிடுகின்றனர். மனிதர் முகத்துக்குக் கிடைக்காத மரியாதை மேசை நாற்காலிக்குக் கிடைத்தது.

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய அதே 1975இல்தான் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் சிவப்பழகுக் களிம்பும் இந்தியச் சந்தைக்கு வந்தது. தற்செயல்தான். எனினும் இரண்டும் கைகோத்தே வளர்ந்தன.

தூர்தர்ஷன் காலத்தைப் பற்றி ஒரு நேர்மையான சொல் சொல்ல வேண்டும். அரசுக் கட்டுப்பாடு, வறட்டுப் பேச்சு என்று அதன்மீது சொல்லப்பட்ட குறைகள் பலவும் உண்மை. ஆயினும் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் வெயிலில் கறுத்த உழவர் முகம் ஒப்பனையின்றி வந்தது. நாற்றங்காலில் நின்று, தம் ஊர்ப் பேச்சில், பயிருக்கு வந்த நோயைப் பற்றி அவர்கள் சொன்னார்கள். அழகுக்காக எவரையும் தேர்ந்தெடுக்காத நிகழ்ச்சி அது. இளையோர் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார்கள் என்பதும், வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' தொடங்கும்போது தெருவே வெறிச்சோடும் என்பதும் அக்காலத்தார் அறிந்ததே. மக்கள் விரும்பிய முகம் எது என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. ஆனால் அந்த விருப்பமும் கற்பிக்கப்பட்டதே.

1982இல் வண்ண ஒளிபரப்பும் தில்லியிலிருந்து வரும் தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. 'ஹம் லோக்' 1984இலும், 'இராமாயணம்' 1987இலும், 'மகாபாரதம்' 1988இலும் வந்தன. வடபுல முகங்களும் வடபுல மொழியும் இரவு நேரத்தை நிரப்பின. தூர்தர்ஷனுக்கான நிகழ்ச்சிகளை ஆராய அமைக்கப்பட்ட பி.சி. ஜோஷி குழு, தலைநகரையும் மேல்தட்டையும் மையமாகக் கொண்ட போக்கைக் கண்டித்து, நாட்டின் பன்மை முகத்தைத் தொலைக்காட்சி காட்ட வேண்டும் என்று எண்பதுகளின் நடுவிலேயே எழுதியது. அறிக்கை அச்சாயிற்று. அத்துடன் சரி.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்தடுத்துப் பிற தனியார் அலைவரிசைகள் வந்தன. மொழி என்னும் ஒரு வாயில் அகலத் திறந்தது. தமிழிலேயே நாள் முழுதும் நிகழ்ச்சி என்பது அதற்குமுன் கனவு. ஆனால் அதே வேளையில் வேறொரு வாயில் சாத்தப்பட்டது. உழவர் நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருவோர் இல்லை. திரைப்படமும் நெடுந்தொடரும் நேரத்தை எடுத்துக்கொண்டன. நெடுந்தொடர் நாயகியர் பலர் அண்டை மாநிலங்களிலிருந்து அழைத்துவரப்பட்டனர். முகம் ஒருவருடையது, குரல் திரைக்குப் பின்னால் நின்ற தமிழ்ப்பெண் ஒருவருடையது என்று ஆயிற்று. பிற மாநிலத்தார் நடிப்பதில் தவறேதும் இல்லை, கலைக்கு எல்லையில்லை. கேட்க வேண்டிய கேள்வி, எல்லை ஏன் ஒரு நிறத்தார்க்கு மட்டும் திறந்தது என்பதே.

இதற்கு எதிர்க்குரல் எழாமல் இல்லை. 1998இல் சென்னையிலேயே ஒரு நிறுவனம் 'ஃபேர்எவர்' என்னும் களிம்புடன் போட்டியில் இறங்கியது. சிவந்தால் வேலை கிடைக்கும், சிவந்தால் தந்தை மகிழ்வார் என்று கதை சொன்ன விளம்பரங்களை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் முறையிட்டதன் விளைவாக, 2003இல் அவற்றுள் சில திரையிலிருந்து அகற்றப்பட்டன. 2009இல் சென்னையைச் சேர்ந்த மகளிர் அமைப்பொன்று, கருமையே அழகு என்னும் பொருள்படும் இயக்கத்தைத் தொடங்கியது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் துணைநின்றார். 2014இல் விளம்பரத் தர அமைப்பு, கருநிறத்தாரைத் தாழ்வாகச் சித்திரிக்கலாகாது என்று நெறி வகுத்தது. 2020இல் அந்தப் பழைய களிம்பு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை நீக்கிக்கொண்டது. களிம்பு நீங்கவில்லை.

இலக்கிய அன்பர்கள் மறக்கவியலாத ஒன்றை இங்குக் குறிக்காமல் செல்வதற்கில்லை. 2007இல் வெளிவந்த 'சிவாஜி' திரைப்படத்தில் கருநிறப் பெண்கள் இருவர் நகைப்புக்குரியவர்களாகக் காட்டப்பட்டனர். அவர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரியின் மகளிர்க்கு மரபு வழங்கிய பெயர்கள் அவை! தந்தையை இழந்து, நிலவைப் பார்த்துக் கையற்றுப் பாடியவர்களின் பெயர், மேனி கறுத்த பெண்ணைக் கண்டு சிரிப்பதற்கான குறிப்புச் சொல்லாயிற்று. அவர்களின் தந்தையாக நடித்தவர், பட்டிமன்ற நடுவராகத் தொலைக்காட்சி வழியே வீடுதோறும் அறிமுகமான தமிழ்ப் பேராசிரியர். திரையரங்கில் சில வாரங்கள் ஓடி மறைந்திருக்க வேண்டிய அந்தக் கேலியைப் பண்டிகைதோறும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொடுத்தது சின்னத்திரை. நகைச்சுவைக் காட்சிகளை மட்டுமே நாள் முழுதும் ஒளிபரப்பும் அலைவரிசைகள் வந்தபின், நிறத்தைச் சொல்லி இகழும் பழைய வசனங்கள் யாவும் மறுபிறவி எடுத்தன. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளை அழைக்கும் பட்டப்பெயர்கள் பலவற்றின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011இல் அது நிறுத்தப்படும் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. உலகில் வேறெந்த அரசும் இவ்வளவு பெரிய அளவில் இதைச் செய்ததாகச் சொல்வது கடினம். வீண்செலவு என்று இகழ்ந்தோர் உண்டு. அவர்கள் வீட்டில் ஏற்கெனவே பெட்டி இருந்தது. அதுவரை பெரியவீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்த பிள்ளைகள் தம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்க்கும் உரிமையை அத்திட்டம் அளித்தது. அது சிறிய மாற்றமன்று. இருளர் குடியிருப்புகளுக்கு மட்டும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஏரிப் புறம்போக்கில் பட்டா இல்லாத குடிசைக்கு மின்னிணைப்புப் பெறுவது எளிதன்று. மின்னிணைப்பு வந்த குடிசைகளில் பெட்டி பேசியது. அது பேசியது யாரைப் பற்றி என்பதே எஞ்சிய கேள்வி.

இருளர் முகம் திரையில் வந்த வேளைகளை எண்ணிவிடலாம். பாம்பு பிடிப்போராக அவர்களை உலகத் தொலைக்காட்சிகள் தமிழ்த் தொலைக்காட்சிக்கு முன்பே கண்டன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் பாம்புத்தோல் தொழில் நின்றுபோகவே, ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சை நாட்டுக்கு வழங்கிய சங்கம் அது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவர் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்குப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனை வழிபட இருளர் கூடும்போது ஆண்டுக்கொரு முறை செய்திப் படம் வரும். செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்தோ செங்கல் சூளைகளிலிருந்தோ கொத்தடிமைகள் மீட்கப்படும்போது மற்றொரு முறை வரும். கொத்தடிமை முறை 1976இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மீட்புச் செய்தி மட்டும் அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பாம்பு, வழிபாடு, மீட்பு ஆகிய இம்மூன்றுக்கும் அப்பால் சமைக்கிற, சண்டையிடுகிற, காதலிக்கிற, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற இருளர் நெடுந்தொடருக்குள் நுழையவில்லை.

இதனால் விளைந்த தீங்கு வெறும் மனக்குறை அன்று. தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் காட்டிய பழங்குடியினர் இலைதழை உடுத்து, தீப்பந்தம் ஏந்தி, புரியாத சொற்களைக் கூவி ஆடுவோர். திருவள்ளூர் இருளர் சட்டையும் சேலையும் உடுத்து, அக்கம்பக்கத்தார் பேசும் தமிழையே பேசுகின்றனர். பழங்குடிச் சான்றிதழ் கேட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அவர்கள் நிற்கும்போது, அவர்களின் தோற்றம் எதிரே இருப்பவரின் மனத்திலுள்ள படத்தோடு பொருந்துவதில்லை. விசாரணை நீள்கிறது. சான்றிதழ் இன்றேல் உதவித்தொகை இல்லை. எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்த பிள்ளை சூளைக்குத் திரும்புகிறது. திரையில் ஒரு முகம் இல்லாதிருப்பதன் விலையை இவ்வாறுதான் கணக்கிட வேண்டும்.

2021 நவம்பர் 2இல் இணையவழி வெளிவந்த 'ஜெய் பீம்' இந்த நிலையை ஓரளவு அசைத்தது. 1993இல் இன்றைய கடலூர் மாவட்டப் பகுதியில் காவல் சித்திரவதைக்கு இரையான குறவர் ஒருவரின் வழக்கை அடியொற்றிய கதை, படத்தில் இருளர் கதையாயிற்று. சான்றிதழ் மறுப்பும் அதில் பேசப்பட்டது. முதன்மைப் பெண் பாத்திரத்தில் கேரளத்தைச் சேர்ந்த லிஜோமோள் ஜோஸ், இருளர் மக்களோடு பழகிக் கற்று, நெஞ்சை உருக்குமாறு நடித்தார். அவர் மேனிக்குக் கருமை பூசப்பட்டது. நடிப்பின் சிறப்பை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் பூச்சுக்குத் தேவை ஏன் வந்தது என்று சிலர் கேட்டனர். இரு நாள் கழித்து, தீபாவளியன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்குச் சென்று நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களும் சான்றிதழ்களும் வழங்கினார். அன்று எல்லா அலைவரிசைகளும் அங்கிருந்தன.

நெடுந்தொடர்களும் நிறத்தைத் தொட்டே பார்த்தன. மலையாளத்தின் 'கறுத்தமுத்து' தொடரைத் தழுவி 2019இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா', கறுத்த மருமகளை வெறுக்கும் மாமியாரின் கதையாகப் புறப்பட்டது. இத்தகைய தொடர்களில் கருமை ஒரு துன்பம். நாயகி அதைத் தாங்கிக்கொள்பவள். 2021 முதல் 2024 வரை சன் தொலைக்காட்சியில் வந்த 'சுந்தரி'யில் இயல்பிலேயே கருநிறம் கொண்ட கேப்ரியல்லா செல்லஸ், மாவட்ட ஆட்சியராகத் துடிக்கும் சிற்றூர்ப் பெண்ணாக நடித்தார். அங்கும் நிறத்தின் பொருட்டு அவள் அவமதிக்கப்படுகிறாள். ஆனால் பூச்சு இல்லை. கருநிறம் கதைக்குக் காரணமாகாமல், கதையில் இயல்பாக ஒருவருக்கு இருக்கும் காலம் அதனினும் ஒரு படி அப்பால் நிற்கிறது.

பழவேற்காட்டின் நிலை வேறு வகையில் வேடிக்கையானது. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ஏவூர்தி எழும் ஒவ்வொரு முறையும் ஒளிப்படக் கருவிகள் கரையில் கூடும். எல்லாம் வானை நோக்கித் திரும்பியிருக்கும். அந்த நாளில் கடலுக்குப் போகத் தடை என்பதால் படகுகளைக் கரையேற்றிவிட்டு நிற்கும் மீனவர், படத்தின் ஓரத்தில் அசையும் நிழலாக வந்து போவர்.

கும்மிடிப்பூண்டி முகாம் 2021இல் பெயர் மாறி மறுவாழ்வு முகாம் ஆயிற்று. அங்குப் பிறந்து வளர்ந்த தலைமுறையின் பேச்சுத் தமிழ், நகைச்சுவைக்கோ அழுகைக்கோ மட்டுமே சின்னத்திரையில் இடம் பெற்றது. சிப்காட் தொழிலாளர் நிலை அதனினும் கீழ். திரைத் தமிழில் அவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை. 'வடக்கன்' என்பதே எல்லோர்க்கும் பெயர். அப்பெயரிட்ட ஒரு திரைப்படம் தணிக்கையில் தடைப்பட்டு, 2024இல் 'ரயில்' என்று மாறி வந்தது. அதற்கு முன்னாண்டு மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் வடநாட்டில் பரவின. தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பீகார் அரசின் குழு தமிழகம் வந்து விசாரித்தது. காணொளிகள் பொய்யென்று காவல்துறை காட்டி, பரப்பியோர்மீது வழக்குத் தொடுத்தது. அந்தச் சில வாரங்களில் மட்டும் தமிழ் அலைவரிசைகள் தொழிற்பேட்டை வாயில்களுக்கு வந்து, அத்தொழிலாளர் முன் ஒலிவாங்கியை நீட்டி, நலமா என்று கேட்டன. நலம் என்றார்கள். பிறகு வண்டிகள் திரும்பிப் போயின. ஆலை விட்டு அறைக்குத் திரும்பும் அவர்கள் கைப்பேசியில் போஜ்புரிப் பாட்டும் ஒடியா நாடகமும் பார்க்கின்றனர். சுவருக்கு இப்பால் தமிழ்த் தொடர் ஓடிக்கொண்டிருக்கிறது.